திறப்பு விழா நடக்காத சமுதாயக் கூடம்

சிங்கப்பூரில் எனக்கு ஒரு சமூக நிலையத்தில் வேலை. பூப்பந்து ஆட யாருக்கு எந்த நேரம், தையல் வகுப்புக்கு எந்த அறை, பாலர் பள்ளிப் பிள்ளைகள் செருப்பை எங்கே கழற்றி வைப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பெரிய உத்தியோகம். அதனால், பெரம்பலூர்ப் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா தன் மகள் பூங்கொடியின் கல்யாணத்துக்கு வரச்சொல்லி ஆள் மூலம் தகவல் அனுப்பியபோது, கல்யாணம் நம் காலனிச் சமுதாயக் கூடத்தில்தான் என்று சேர்த்துச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எல்லாம் தொழில் பாசம். எண்பதுகளின் தொடக்கம் அது, ஐப்பசி மாதம். அந்தப் பக்கத்தில் ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மழை பெய்திருந்ததால் புழுதிக்குப் பதில் சேறு தெறித்தது. டீக்கடைக்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "வெள்ளச் சட்ட இந்த ஊருக்கு ஆவாதுங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது. டீ நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் டீயை ஆளுயரத்துக்கு இழுத்து ஆற்றுவதில் காட்டும் திறமையை இங்கே இஞ்சியில் காட்டுகிறார்கள்.

பாதி வழியில் பஸ் டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர் என்பது அதைக் கழற்றிக் கீழே போட்ட பிறகுதான் டிரைவருக்கு நினைவு வந்தது. சிங்கப்பூரில் பஸ் நின்றால் அடுத்த பஸ் வருவதற்குள் பாதிப் பேர் புகார் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒருவர் மதகுச் சுவரில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஆண்டிமடத்திலிருந்து மகளைப் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, மடியிலிருந்து வறுத்த முந்திரியை எடுத்து என் கையில் வைத்தார். எந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஊருக்குள்ளா, காலனிக்கா என்று கேட்டார். காலனிக்கு என்றேன். "நாங்களும் காலனிதாங்க" என்று சொல்லி இன்னொரு கை முந்திரி கொடுத்தார். அந்த முந்திரியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும். சாலையில் பஸ் நிற்கும் இடத்திலேயே கூடம் நிற்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. கூடத்தின் முகம் மேற்கே சாலையையும் ஊரையும் பார்த்திருந்தது. முதுகு காலனியைப் பார்த்திருந்தது. நல்ல கட்டடம். மஞ்சள் சுண்ணாம்பு, பச்சை ஜன்னல், அகலமான படிகள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு. அதன்மேல் வெயிலில் வெளுத்துப்போன சின்னத் திரை. கதவில் பெரிய பூட்டு. பூட்டின்மேல் துரு. கல்யாணத்துக்கு ஐந்தாறு நாள்தான் இருந்தது. இத்தனை துருவை யார், எப்போது சுரண்டப்போகிறார்கள் என்று மனதில் கணக்குப் போட்டேன்.

சித்தப்பா பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். பூட்டைப் பற்றிக் கேட்டேன். "அது இன்னும் தொறக்கல தம்பி" என்றார், ஏதோ நேற்றுக் கட்டி முடித்த மாதிரி. கட்டி முடித்து வருஷங்கள் ஆகிவிட்டனவாம். ஒரு மந்திரி வந்து திறப்பதாக இருந்தது. அவர் பெயரைக் கல்லில் வெட்டி, திரையும் தைத்துப் போட்டுவிட்டார்கள். அந்த வாரமே ஆட்சி போய்விட்டது. அடுத்து வந்தவர்கள் அடுத்தவர் பெயர் இருக்கிற கல்லுக்கு எப்படித் திரை விலக்குவார்கள்? கல்லை மாற்றலாம் என்றால், உள்ளூரில் பழைய மந்திரியின் ஆட்கள் சண்டைக்கு நிற்பார்கள். ஆகவே கூடம் திறக்கப்படாமலே இருக்கிறது.

அப்படியானால் உள்ளே யாரும் போனதே இல்லையா என்று கேட்டேன். சித்தப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வாசல், கதவில்லாமல் திறந்து கிடந்தது. சமையலறைக்குப் போவதற்காக விட்ட வழியாம். சமையலறையைக் கட்டுவதற்குள் காண்டிராக்டர் போய்விட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் பால்வாடிப் பிள்ளைகள் வாய் நிறையப் பாட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு மூலையில் நாலைந்து தையல் மெஷின்கள். நடுவில் நனையாமல் கொட்டி வைத்த வேர்க்கடலை. ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் துருப்பிடித்த பூட்டு, பின்னால் இத்தனை நடமாட்டம். நான் சிரித்துவிட்டேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் வீட்டுக்குள் கட்டிலில் இருந்தது. கூடத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே, கடலை காயவைக்கிற களத்தைத் தாண்டினால் சித்தப்பா வீடு. சின்னம்மா போன வருஷம் வயலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அன்றிலிருந்து படுக்கை. தலையணையை முட்டுக் கொடுத்தால் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். பஸ்ஸிலோ வண்டியிலோ ஏற்ற முடியாது. மாப்பிள்ளை வீட்டார் குரும்பலூர். மாப்பிள்ளை அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவருடைய அண்ணன் கல்யாணத்தில் மழை பிடித்துப் பந்தல் சரிந்து, சாம்பார் அண்டா தெருவோடு மிதந்து போனதாம். அதனால் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: பெண் வீட்டில் மேலே கூரையுள்ள மண்டபம் இருந்தால் அங்கே கல்யாணம், இல்லையென்றால் குரும்பலூரில். குரும்பலூர் என்றால் சின்னம்மா இல்லாத கல்யாணம்.

கூடம் கிடைத்தால்கூடக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போவதற்குச் சின்னம்மா சம்மதிக்கவில்லை. நான் அதைப் பற்றிப் பேச்செடுத்ததும் கையை ஆட்டி நிறுத்தினார்.

"நாலு பேரு என்னைக் கட்டுலோட தூக்கிட்டுப் போற நாளு ஒண்ணு வரும் தம்பி. அன்னிக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். எம்மவ கல்யாணத்துக்கு அப்படிப் போவ மாட்டேன். கூடத்துல நடந்தா மோளச் சத்தமாவது காதுல வுழும். அது போதும்."

கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே ஒரு கட்டிலை நாலு பேர் சுமந்து வருவதை நானும் மனதில் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மறுநாள் சித்தப்பாவும் நானும் டவுன் பஸ் ஏறி, முன்கதவுச் சாவியைக் கேட்கப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸுக்குப் போனோம். சிங்கப்பூரில் சமூக நிலையம் நடத்துகிறவன் வந்து பேசினால் சாவி தானாக வரும் என்று சித்தப்பா நம்பினார். நானும் கொஞ்சம் நம்பினேன் என்பதை மறைப்பானேன். அதிகாரி நல்ல மனிதர். காபி வரவழைத்தார். எங்கள் நிலையத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஆர்வமாக விசாரித்தார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, இந்த மாவட்டத்தில் சமுதாயக் கூடங்களின் தேவை பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினார். கடைசியில் தமிழுக்கு இறங்கி வந்தார்.

"நீங்க பின்பக்கமா போறது எங்களுக்குத் தெரியும். போன வெள்ளத்துல நானே அந்த வழியா வந்து உள்ள நின்னுருக்கேன். தெரியாத மாதிரி இருக்கோம். முன்கதவத் தொறந்தா, தெரிஞ்ச மாதிரி ஆயிடும் சார். அப்புறம் யார் தொறந்தாங்கன்னு ரெண்டு பக்கமும் என்னைத்தான் கேப்பாங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தது அதற்கு அடுத்த இடத்தில். சின்னம்மாவால் வரமுடியாது என்று தெரிந்தும், கடைசி வழியாக இருக்கட்டும் என்று டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நுழைந்தோம். அங்கிருந்தவர் அன்று மண்டபம் காலியாக இருப்பதாகச் சொல்லி, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சித்தப்பா கூசாமல் காலனி என்றார். உடனே அவருக்கு அன்றைக்கு வேறொரு கல்யாணம் நினைவுக்கு வந்துவிட்டது. மாற்று டயர் பஞ்சரானதை நினைவுகூர்ந்த பஸ் டிரைவரின் முகத்தில் ஒரு வெட்கமாவது இருந்தது. இவர் முகத்தில் அதுவும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சித்தப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். சால்னா காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. அதற்குச் சால்னா மட்டும் காரணமில்லை.

அடுத்த நாள் முழுக்க மழை. கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். காலனியில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். சித்தப்பா கூடத்தின் கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஊர்ச் சாவடியில்தான் பஞ்சாயத்து ரேடியோ. காற்று இந்தப் பக்கம் வீசினால் காலனிக்குப் பாட்டுக் கேட்கும், அந்தப் பக்கம் வீசினால் இல்லை. காலனி இளைஞர்கள் சேர்ந்து கொட்டகை போட்டு மன்றம் வைத்தார்கள். சிம்னி விளக்கு, பேப்பர், சாயந்திரம் எழுதப்படிக்கச் சொல்லிக்கொடுப்பது. புயலில் கொட்டகை போயிற்று. சர்க்காரில் கேட்டபோது, இடம் கொடுத்தால் கட்டித் தருகிறோம் என்றார்கள். ஐந்து வீட்டுக்காரர்கள் தங்கள் கொல்லையை விட்டுக்கொடுத்தார்கள். சித்தப்பாவும் அதில் ஒருவர். வரைபடம் போட்ட இன்ஜினீயர், கார் வந்து நிற்கத் தோதாக வாசலைச் சாலைப் பக்கம் வைத்துவிட்டார். காலனிக்காரர்கள் எந்தக் காரில் வந்து இறங்கப்போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

எங்கள் நிலையத்துக்கும் ஒரு கதை உண்டு. யுத்தம் முடிந்த புதிதில், அதே இடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கொட்டகைதான் இருந்தது. அங்கே தட்டேந்தி நின்றவர்களில் நானும் ஒருவன். பிறகு அது மன்றமாகி, கட்டடமாகி, இன்று கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறது. ரிப்பன் வெட்டித் திறந்த படம் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் எங்கள் பிரச்சினை வேறு: ஆட்களை வரவழைப்பது. சமையல் போட்டி, சுற்றுலா, பரிசுக் குலுக்கல் என்று என்னென்னவோ செய்கிறோம். மழை பெய்தால் எங்கள் பகுதிக்காரர் எங்கள் நிலையத்துக்கு ஓடி வரமாட்டார். அடுக்குமாடியில் மேலே ஏறித் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். இங்கே திறப்பு விழாவே நடக்கவில்லை, ஆனால் ஒரு நாளும் கூடம் காலியாக இருந்ததில்லை. வெள்ளத்தில் காலனி முழுக்க இதற்குள் படுத்திருக்கிறது. இரண்டு குழந்தைகள் இதற்குள் பிறந்திருக்கின்றன. ஒரு கூடம் திறக்கப்படுவது என்றால் என்ன என்று அன்று மழையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் கல்யாணம் மட்டும் பின்பக்கமாக நுழைய முடியாது. கல்யாணப் பெண் தலைவாசல் வழியாகத்தான் போக வேண்டும். புறவாசல் வழியாகப் போனால் வாழ்க்கை முழுக்கப் பேச்சு. அதுதான் முடிச்சு. சாவி கிடைக்கவில்லை என்று குரும்பலூருக்குச் சொல்லி அனுப்பிவிடலாமா என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். கல்யாணப் பெண் அப்போது மெஷினில் உட்கார்ந்து இரண்டு பெண்களுக்குப் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பூங்கொடிதான் காலனித் தையல் டீச்சர். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதும் வகுப்பை நிறுத்தவில்லை. மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"அப்பா, தெனமும் நாம எந்தப் பக்கமா உள்ள வரோம்? அதான் வாசலு. அந்தப் பக்கம் பூட்டிக் கெடக்குறது பின்வாசலுன்னு வச்சுக்கங்க."

சித்தப்பா, அது எப்படி, கட்டினது அப்படி இல்லையே என்றார்.

"எடம் நம்ம கொல்லதான? நம்ம எடத்துல எது வாசலுன்னு நாமதான் சொல்லணும்" என்றாள்.

வானொலிப் பெரியவர் எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே எட்டிப் பார்த்து, இது கிழக்கு வாசல், முறைப்படி இதுதான் கல்யாணத்துக்கு ஏற்றது, இன்ஜினீயர்தான் தலைகீழாகக் கட்டிவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான், வேலை நடக்க ஆரம்பித்துவிட்டது. கடலையை அள்ளினார்கள். பின்சுவருக்கு, தப்பு, முன்சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கதவில்லாத வாசலுக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டினார்கள். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை. பூட்டிய கதவை உட்பக்கமாக மறைத்து மணவறை போட்டார்கள். அப்படிப் போட்டதும் மணமக்கள் கிழக்கே பார்த்து உட்காரும்படி ஆயிற்று. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மணவறையில் உட்கார்ந்து பார்த்தேன். வாசல், களம், அதற்கு நேரே சித்தப்பா வீட்டு வாசல். கட்டிலை உள்ளிருந்து வீட்டு வாசலுக்கு நகர்த்தினால் போதும், யாரும் யாரையும் தூக்க வேண்டாம். சாவி கிடைத்திருந்தால் சின்னம்மாவுக்கு மேளச் சத்தம் மட்டும்தான் கிடைத்திருக்கும். ஓடிப்போய்ச் சொன்னேன். சின்னம்மா நம்பவில்லை. கட்டிலை நகர்த்தித் தலையணையை உயர்த்தினோம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது; தெரியாத மாதிரி இருந்தோம்.

களத்தில் பந்தல் போட வந்தவரிடம், வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் பந்தல்கால் நடக்கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பந்தல் ஓரமாகப் போயிற்று. நடுவில் திறந்த வெளி. மழை வந்தால் வந்ததுதான்.

கல்யாணத்தன்று விடியற்காலை வரை பெய்துவிட்டு நின்றது. குரும்பலூரார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது சாலைப் பக்கத்துப் பூட்டுதான். மாப்பிள்ளையின் தாய்மாமன் தோள் துண்டை உதறிப் போட்டார். பூட்டிய மண்டபத்தில் கல்யாணமா, எங்களைக் கொல்லைப்புறமாகக் கூட்டிப் போகிறீர்களா என்று குரலை உயர்த்தினார். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. சித்தப்பா கும்பிட்ட கையோடு நின்றார். நான் சிங்கப்பூர்க் கணக்கில் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். யாரும் காது கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பேசாமல் கூடத்தைச் சுற்றி நடந்தார். அவர் நடக்கவே, பெண்கள் எல்லாரும் பின்னால் நடந்தார்கள். கடைசியில் தாய்மாமனும் நடந்தார்.

அந்தப் பக்கம் வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கோலம், வாழை, ஆரத்தித் தட்டு, நாதஸ்வரம் எல்லாம் தயாராக இருந்தன. சம்பந்தியம்மா வாசலைப் பார்த்தார். திரும்பி எதிரே வீட்டு வாசலில் கட்டிலைப் பார்த்தார். ஆரத்திக்குக்கூட நிற்காமல் களத்தைக் கடந்துபோய்ச் சின்னம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்தார். தலையணை உயரத்துக்குத் தன் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இங்கேருந்து நல்லாத் தெரியுதுங்க சம்பந்தி" என்றார். தாய்மாமன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஆரத்தி எடுத்தார்கள், எல்லாரும் வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

முகூர்த்த நேரம் வந்தது. கூடம் நிறைந்து கூட்டம் களத்தில் வழிந்தது. தாலி கட்டும் நேரத்தில் எழுந்து நின்று அரிசி போடுவது எங்கும் வழக்கம். கெட்டிமேளம் தொடங்கவும் எல்லாரும் எழுந்தார்கள், வாசல் அடைத்துக்கொண்டது. களத்தில் நின்ற நான் திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா தலையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டுத் தலையணையில் சாய்ந்துவிட்டார்.

கட்டிலோரத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. மகன் தாலி கட்டுகிற நேரத்திலும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

"உக்காருங்க. பொண்ணப் பெத்தவளுக்கு மறைக்குது."

முதலில் களத்தில் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். சேறுதான், பட்டுச் சேலையும் புது வேட்டியுமாக அதில் உட்கார்ந்தார்கள். பிறகு வாசலில் இருந்தவர்கள். பிறகு உள்ளே ஒவ்வொரு வரிசையாக. தவில்காரர் வாசிப்பதை நிறுத்தாமலே குந்தினார். தாய்மாமன் கடைசியாக, துண்டைக்கூட விரிக்காமல் உட்கார்ந்தார். தாலியோடு நீட்டிய கையை மாப்பிள்ளை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். தலை குனிந்திருக்க வேண்டிய பூங்கொடி நிமிர்ந்து, எங்கள் எல்லாரையும் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். அதன்பிறகு மாப்பிள்ளை தாலி கட்டினார்.

சின்னம்மா கையிலிருந்த அரிசியை வீசினார். படுத்தபடி வீசியது மணவறை வரைக்கும் எங்கே போகும்? களத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தலையில் விழுந்தது. மேளம் ஓய்ந்துவிட்டது, மாலையும் மாற்றியாயிற்று. சின்னம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.